இருட்டுல நடத்து, பேராண்டி

ஸ்மார்ட் போர்டை மட்டும் அணைச்சுடாதே, பேராண்டி. அது எரியற வரைக்கும் உன் வகுப்புல ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வராத வாத்தியாருக்குத்தானே ஊர்ல நல்ல பேரு? மஞ்சக் கோடு ஒண்ணு வருது, கண்ணாடிக் கட்டிக்குள்ள நுழையுது, வளையுது, வெளிய போகுது. அடியில 'ஒளிவிலகல்'னு எழுத்து வருது. பிள்ளைங்க எழுதிக்குது, மார்க்கும் வாங்கிடுது. அந்தக் கோடு வெளிச்சமே இல்ல, யாரோ வரைஞ்ச படம்னு நான் சொல்லுவேனா? நான் கொள்ளிடக் கரைக்காரன், எட்டாங்கிளாஸோட நின்னவன். எனக்கெதுக்கு பிசிக்ஸ்?

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. நீ இருக்கறது கொல்கத்தாவுல. இந்த ஊருக்கு வந்து வெளிச்சத்தைப் பத்திப் பாடம் எடுக்கறதே திருநெல்வேலிக்கு அல்வா கொண்டு போற கதை. நீ அல்வாவோட போட்டோவை இல்ல கொண்டு போறே!

ஏன்னு கேக்கறியா? உன் அலமாரியில இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் படிச்சேன். நீ பிரிச்சே பார்த்திருக்க மாட்டே போல, பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துது. லஃபோன்னு ஒரு பெல்ஜியத்துப் பாதிரியார், 1865-ல இங்க வந்து செயின்ட் சேவியர்ஸ்ல சொல்லிக் கொடுத்திருக்கார். மனுஷன் கருவி இல்லாம வாயைத் திறக்க மாட்டாராம். செஞ்சு காட்டுறதைப் பார்க்கவே ஊர்ல பெரிய மனுஷங்க கூடியிருக்காங்க. அவர்கிட்ட படிச்ச பையன்தான் ஜகதீஷ் சந்திர போஸ்.

அந்தப் பையன் பிரசிடென்ஸி காலேஜுல வாத்தியாரானப்ப நல்ல லேப் கிடையாது. வெள்ளைக்காரனுக்கு ஒரு சம்பளம், இவருக்குக் குறைச்சல்னதும் மூணு வருஷம் சம்பளத்தையே தொடல. நீ இன்கிரிமென்ட் வரலன்னு மூணு நாளா முகத்தைத் தூக்கி வச்சிருக்கே, அது வேற விஷயம். அவர் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பிடிச்சார். அலைநீளம் சில மில்லிமீட்டர்தான். 1895 வாக்குல டவுன் ஹால்ல வச்சு, சுவரைத் தாண்டிப் போய் மணி அடிக்க வச்சார், வெடிமருந்தைக் கொளுத்த வச்சார்.

எனக்குப் பிடிச்சது அதில்ல. அந்த அலை எந்தப் பக்கமா ஆடுதுன்னு பார்க்க ஒரு கருவி வேணும். போஸ் என்ன செஞ்சார் தெரியுமா? ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒண்ணை எடுத்தார், பிராட்ஷா. பக்கத்துக்குப் பக்கம் நடுவுல ஈயத்தாளைச் சொருகினார். ஒரு வாட்டமா வச்சா அலை போகுது, கால் வட்டம் திருப்பினா நின்னுடுது. ரயில் நேரம் பார்க்கிற புத்தகம், சாமி! அப்புறம் சணலை எடுத்தார். வலப்பக்கம் முறுக்கின கட்டு அலையோட ஆட்டத்தை ஒரு பக்கம் திருப்புது, இடப்பக்கம் முறுக்கினது மறுபக்கம் திருப்புது. சர்க்கரைத் தண்ணி வெளிச்சத்தோட ஆட்டத்தைத் திருப்பறதுக்கு, கையில பிடிச்சுப் பார்க்கற மாதிரி ஒரு மாடல் செஞ்சு காட்டிட்டார். சணல் இந்த ஊர்ல காசு கொடுத்து வாங்கணுமா என்ன? மார்க்கெட்டுல மூட்டை மூட்டையா கிடக்கு. நீதான் 'எக்விப்மென்ட் சாங்ஷன் ஆகல'ன்னு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கே. எழுது, எழுது. கையெழுத்தாவது திருந்தும்.

நம்ம பக்கத்து ஆளை விட்டுட்டா திருவானைக்காவல்காரங்க என்னைச் சும்மா விட மாட்டாங்க. அங்க பிறந்த சி.வி. ராமன் 1907-ல இங்க வந்தது கணக்கு எழுதற உத்தியோகத்துக்கு. நிதித் துறையில பெரிய சம்பளம். பௌபஜார் தெருவுல ஒரு போர்டு கண்ணுல பட்டுது: மகேந்திரலால் சர்க்கார் 1876-ல ஆரம்பிச்ச அறிவியல் சங்கம். காலையில அங்க, பகல்ல ஆபீஸ், சாயங்காலம் திரும்ப அங்க. பத்து வருஷம் இப்படி. 1917-ல சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு வாத்தியார் வேலைக்கு வந்துட்டார். உங்க பாட்டி காலத்துல இருந்திருந்தா, பொழைக்கத் தெரியாதவன்னு திண்ணையிலயே வச்சு தீர்ப்புச் சொல்லியிருப்பா.

1921-ல கப்பல்ல போறப்ப கடல் ஏன் நீலம்னு அவருக்கு ஒரு கேள்வி. வானத்தோட நிறம்தான் தண்ணியில தெரியுதுன்னு ராலே பிரபு சொல்லி வச்சிருந்தார். பெரிய மனுஷன் சொன்னதை நோட்டுல எழுதிக்கிட்டுப் போகாம, ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை எடுத்துத் தண்ணி மேல பட்டுத் திரும்பற வெளிச்சத்தை வெட்டிட்டுப் பார்த்தார். நீலம் போகல, இன்னும் ஆழமாத் தெரிஞ்சுது. தண்ணியே வெளிச்சத்தைச் சிதறடிக்குதுன்னு அங்கேருந்து பிடிச்ச நூல்தான், வத்திராயிருப்பு கிருஷ்ணனும் கூடச் சேர்ந்து உழைச்சு, 1928 பிப்ரவரி 28-ல ராமன் விளைவுல வந்து நின்னுது. முதல்ல வெளிச்சம் எது? சூரியன். பார்த்த கருவி எது? கண்ணு. கருவிக்குச் செலவு 200 ரூபாய்க்குள்ளன்னு சொல்லுவாங்க. நீயும் அந்தத் தேதியில தேசிய அறிவியல் நாள் கொண்டாடறே, பார்த்தேன். சார்ட் பேப்பர்ல ராமன் தலைப்பாகைக்கு ஜிகினா ஒட்டிக்கிட்டு இருந்தீங்க. ஜிகினா நல்லாவே மின்னுச்சு.

சரி, நாளைக்கு என்ன செய்யப் போறே? செய்ய வேண்டாம். சும்மா கேட்டு வச்சுக்கோ.

பிரெட் வைக்கிற பிளாஸ்டிக் டப்பா இருக்கே, தெள்ளத் தெளிவா உள்ள தெரியற டப்பா. தண்ணி ஊத்து. ரெண்டு மூணு சொட்டுப் பால் விடு, கலக்கு. உங்க அம்மா மாதிரி தாராளமா ஊத்திடாதே, வெள்ளையாப் போயிடும். ஜன்னலைச் சாத்து. ஒரு பக்கத்துலேருந்து டார்ச் அடி. பக்கவாட்டுல நின்னு பார்க்கிற பையனுக்கு மங்கலா நீலம். எதிர் முனையில குனிஞ்சு டார்ச்சையே பார்க்கிறவனுக்கு மஞ்சள். இன்னும் ரெண்டு சொட்டு விட்டா ஆரஞ்சு. மத்தியானமும் சாயங்காலமும் ஒரே டப்பாவுல. அப்புறம் நீ ஸ்டைலுக்கு வாங்கின கறுப்புக் கண்ணாடியை எடு. அது ஒரு பக்கமா ஆடற வெளிச்சத்தை மட்டும் விடற போலராய்டா, நடைபாதைச் சரக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கால்குலேட்டர் திரையைப் பார்த்துக்கிட்டே கண்ணாடியைத் திருப்பு. திரை இருட்டினா காசு வீண் போகல. அதே கண்ணாடியைப் பக்கவாட்டு நீலத்துக்கு முன்னாடி திருப்பினா அது மங்கும், தெளியும். ராமன் கப்பல்ல செஞ்சதும் இந்த வேலைதான்.

டீ குடிச்சிட்டுத் தூக்கிப் போடற மண் குவளையில ஒரு ரூபாய்க் காசைப் போடு. விளிம்பு காசை மறைக்கிற வரைக்கும் பிள்ளையைப் பின்னால நகரச் சொல்லு. ஆடாம தண்ணி ஊத்து. காசு தானா எழுந்திரிச்சு வந்து முகம் காட்டும். கடைசி பெஞ்சுப் பையன் முதல் தடவையா முன்னால வருவான். காசை எடுத்துக்கிட்டும் போவான், பார்த்துக்கோ.

கரண்ட் போச்சுன்னா புலம்பாதே. பழைய வீடுகள்ல பச்சை மரப்பலகை ஜன்னல் இருக்கே, அதுமாதிரி அறை கிடைச்சா எல்லாத்தையும் சாத்திட்டு ஒரு சின்ன ஓட்டையை மட்டும் விடு. கண்ணு பழகட்டும். எதிர்ச் சுவத்துல தெரு தலைகீழா வரும்: கை ரிக்‌ஷா கூரையில ஓடும், வானம் தரையில கிடக்கும். ஏன் தலைகீழ்னு ஒரு பொண்ணு கேட்பா. அப்ப பதில் சொல்லத் துடிப்பே. சொல்லாதே. அவளே ஓட்டைக்கு முன்னால விரலை நீட்டி மேலயும் கீழயும் ஆட்டிப் பார்க்கட்டும்.

பிரின்ஸிபால் கதவைத் திறந்து 'ஏன் சார் வகுப்பு இருட்டா இருக்கு?'ன்னு கேட்டா, பயப்படாதே. 'வெளிச்சம் நடத்திக்கிட்டு இருக்கேன் சார், கதவைச் சாத்துங்க'ன்னு சொல்லு.