தோண்டு, பிறகு தொண்டு

ஊருக்கு நல்லது செய்ய முதலில் ஊரைத் தோண்ட வேண்டும் என்று 1956 முதல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் நிரூபித்து வருகிறது. சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இரவுபகலாக இறைத்தார்கள். சமூகப் பொறுப்பு நிதியில் வாலாஜா ஏரியைத் தூர்வாரினார்கள். கணக்கு நேர். சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் தொண்டுக்கு. லாபமோ குழிக்குள் கிடக்கிறது. குழி பெருத்தால் தொண்டும் பெருக்கும்தானே? 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கியதே என்பார்கள். அறுவடை வரை காத்திருந்தால் சேவை தாமதமாகாதா? பாரம்பரியம் போகிறதே என்பதும் அறியாமை. ஊர்க் கோயிலுக்குச் சில நூற்றாண்டு வயது. பழுப்பு நிலக்கரிக்கோ கோடிக்கணக்கான ஆண்டு. மூத்ததைத்தான் முதலில் வெளியே எடுத்துப் போற்ற வேண்டும். எடுக்கிறார்கள், உடனே எரித்தும் விடுகிறார்கள். உங்கள் ஊருக்கும் இத்தகைய சேவை தேவையென்றால், தரைக்கடியில் என்ன இருக்கிறதென்று எழுதியனுப்புங்கள்.