காற்றிடம் பேசாதீர்கள்!

கேள்வி: நண்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, மரக்காணம் உப்பளம் பக்கம் புதையல் வேட்டை ஆடப் போகிறோம். எந்த வாக்கி-டாக்கி, எந்த ஹெட்செட் வாங்கலாம்?
– ஒரு வாசகர், வானூர்

பதில்: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும், அரசு ஒப்புதல் பெற்ற கருவியாகப் பார்த்து வாங்குங்கள். 2018 விதிப்படி அதற்கு உரிமம் வேண்டாம். 156.8 பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அது கடலில் தத்தளிப்பவன் உதவிக்குக் கூப்பிடும் 16ஆம் சேனல். உங்கள் புதையலைவிட அவன் உயிர் பெரிது.

உப்பளம் வெட்டவெளி, குரல் தடையில்லாமல் போகும். முந்திரித் தோப்புக்குள் நுழைந்தால் தேயும். ஹெட்செட் ஒரு காதுக்குப் போதும். மறுகாது வண்டிச் சத்தத்துக்கு. குரல் கேட்டுத் தானே இயங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நாள் முழுக்கக் கடற்காற்றுதான் பேசும். பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள்; முதல் சொல் விழுங்கப்படாது. வீடு திரும்பியதும் பிளக் முனையை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு சோற்றுக்கு ருசி, செம்புக்குக் களிம்பு.

கருவி வைத்திருப்பதை எதிரணியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். 1999 கிரிக்கெட் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோனியே காதில் கருவி மாட்டிப் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்க, ஆட்ட நடுவர் கழற்றச் சொன்னார். காது திறந்திருக்கட்டும், ஆட்டமும்தான்.