நாலரை மில்லிமீட்டர் பொய்

டப்ளின் பக்கம் ஒரு வீடு. கதவைத் திறப்பவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. கட்டை விரலில் காய்ந்த பச்சைப் பெயின்ட். டீயா காப்பியா என்ற உபசாரமெல்லாம் கிடையாது. "ஏணி ஏற முடியுமா?" என்பார். முடியாது என்று சொல்லிவிடுவது உத்தமம். முடியும் என்றால் அன்றைய சாயங்காலம் போயிற்று.

பரணில் அயர்லாந்து இருக்கிறது. முழுசாக இல்லை, ரயில் ஓடிய இடங்கள் மட்டும், 76-இல் ஒரு பங்காக. எஞ்சின் ஒரு சாண் நீளம். ஸ்டேஷன் மாஸ்டர் நம் சுண்டுவிரலில் பாதி. குனிந்தேதான் நிற்க வேண்டும். நிமிர்ந்தால் கூரைச் சட்டம் மண்டையில் இடிக்கும். இடித்ததும் அவர் பதறிப்போவார்: "ஐயோ, பார்த்து! சிக்னல் கம்பம்!" பதற்றம் நம் மண்டைக்காக அல்ல.

துல்லியம்தான் அவருக்குக் குலதெய்வம். வேகனின் பக்கவாட்டில் ரிவிட் ஒன்று கூடுதலாக இருந்தால் ராத்திரி தூக்கம் வராது. இருந்தும் அந்தப் பரணில் ஓடுகிற வண்டி ஒவ்வொன்றும் நாலரை மில்லிமீட்டர் பொய்யின் மேல்தான் ஓடுகிறது. அதைப் பற்றி அவராகப் பேச மாட்டார்; நாமும் கேட்கக் கூடாது. கல்யாண வீட்டில், ஓடிப்போன மூத்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது மாதிரி அது.

சங்கதி இதுதான். அயர்லாந்தில் முதல் ரயில் 1834-இல் டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுனுக்கு ஓடியது. தண்டவாள இடைவெளி இங்கிலாந்தைப் போலவே 4 அடி எட்டரை அங்குலம். பிறகு வந்த அல்ஸ்டர் கம்பெனி 6 அடி 2 அங்குலத்தில் போட்டது. டப்ளின்–டிரோகெடா கம்பெனி 5 அடி 2 அங்குலம் என்றது. சின்னத் தீவு, இரண்டு பாதைகள் சந்தித்தால் வண்டி எங்கே போவது? அரசாங்கம் ஜெனரல் பாஸ்லி என்பவரிடம் பஞ்சாயத்தை ஒப்படைத்தது. அவர் நாலு பேரைக் கேட்டு, கூட்டி வகுத்த மாதிரி, 5 அடி 3 அங்குலம் என்று தீர்ப்பு சொன்னார். 1846-இல் அதுவே சட்டமாயிற்று. நம் அகலப்பாதைக்கு 3 அங்குலம் குறைவு, இங்கிலாந்துப் பாதைக்கு ஆறரை அங்குலம் கூடுதல். பஞ்சாயத்துத் தீர்ப்பு என்றால் அப்படித்தான் இருக்கும்.

அந்த 5 அடி 3 அங்குலத்தை 76-ஆல் சுருக்கினால் 21 மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் பொம்மைத் தண்டவாளமோ பதினாறரை மில்லிமீட்டர். இங்கிலாந்து ரயிலுக்கே குறைச்சலான அளவு. வித்தியாசம் நாலரை மில்லிமீட்டர். நிஜ அளவில் பதிமூன்றரை அங்குலம்! பயில்வான் உடம்புக்குப் பச்சைக் குழந்தையின் கால்கள் ஒட்டவைத்த மாதிரி எஞ்சின் நிற்கும். அதனால்தான் அவர் எதைக் காட்டினாலும் பக்கவாட்டில்தான் காட்டுவார். தப்பித் தவறி நேர் எதிரே போய் நின்றுவிட்டால், "வெளிச்சம் மறைக்கிறது, இப்படி வாருங்கள்" என்று தோளைப் பிடித்துத் திருப்புவார்.

இந்தப் பொய்யே ஆகாது என்கிற ஆசாரக்காரர்களும் உண்டு, 21 மில்லிமீட்டர் கட்சி. தண்டவாளத்தைத் தாங்களே அடித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி அகலமாக்கி மாட்டுவார்கள். அவர்கள் கட்டுவதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இருபது வருஷ உழைப்புக்குப் பிறகு போய்ப் பார்த்தால் ஒரு பிளாட்பாரம், ஒரு பாயின்ட், அதன் நடுவே ஒற்றை வேகன் இருக்கும். "ஓடுமா?" என்று கேட்டால் முகம் வாடிவிடும். நம் ஆள் இவர்களுக்கு வணக்கம் சொல்வார், வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்.

அடிப்பக்கம் பொய் என்பதாலோ என்னவோ, மேல்பக்க நிறத்தில் அவர் எமகாதகர். மெட்ரோவிக் கம்பெனி 1955 முதல் அனுப்பிய ஏ வகுப்பு டீசல் எஞ்சின்கள் மொத்தம் 60. வந்தபோது வெள்ளி நிறம். நிலக்கரிப் புகையில் நின்ற ஊரில் வெள்ளி நிறம் எத்தனை நாள் தாங்கும்? போதாக்குறைக்கு அவற்றின் கிராஸ்லி மோட்டாரே புகைக்குப் பெயர்போனது. பிறகு பச்சை, அப்புறம் கறுப்பு, 1972 வாக்கில் ஆரஞ்சு. 1968-இலிருந்து மோட்டாரையும் மாற்றி அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் சரக்கை உள்ளே வைத்தார்கள். ஆகவே "ஏ வகுப்பு எஞ்சின் அழகாக இருக்கிறதே" என்று சொன்னால் அவருக்குத் திருப்தி வராது. "எந்த வருஷத்தது?" என்பார். வருஷம் சொன்னால் மாதம் கேட்பார்.

ஒரே புடவையைப் பார்டர் மாற்றி நாலு வாங்குவதாகப் பெண்களைக் கிண்டல் செய்யும் ஆண்கள் இவரை ஒரு தடவை பார்க்க வேண்டும். 1962-இல் வந்த 141 வகுப்பு எஞ்சின் ஒன்பது வைத்திருக்கிறார். ஒன்பதும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, நம்பர் வேறு என்றார்.

முந்தைய காலத்து ரயில்வே சின்னம் ஒன்றும் அவரிடம் உண்டு. பக்கவாட்டில் சிறகு விரித்த வட்டம், வேகத்தைக் காட்ட வரைந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பறக்கும் நத்தை. மூன்று மில்லிமீட்டர் நத்தையை இடுக்கியால் எடுத்து, தண்ணீரில் நனைத்து, மூச்சை அடக்கி ஒட்டுவார். தும்மல் வந்தால் ஒரு நத்தை போச்சு.

ஒழுங்காக ஓடிய ரயில்களைவிட அப்படி ஓடாதவற்றின் மேல்தான் பாசம் அதிகம். பேர்பெற்ற எஞ்சின் நிபுணர் புலீட், அயர்லாந்தில் நிலக்கரி அதிகம் இல்லை, சதுப்பு நிலத்தில் வெட்டும் கரிமண்தான் இருக்கிறது என்று அதையே எரித்து ஓடும் எஞ்சின் ஒன்றை 1957-இல் செய்து முடித்தார். அது ஒழுங்காக வேலைக்கே போகவில்லை, 1965-இல் உடைத்துவிட்டார்கள். நம் ஆள் அதைப் பற்றிப் பேசும்போது, படிப்பில் கெட்டிக்காரனாக இருந்து வீணாய்ப்போன தம்பியைப் பற்றிப் பேசுகிற குரல் வரும். லிஸ்டோவல்–பாலிபனியன் ஒற்றைத் தண்டவாள ரயிலும் அப்படியே. 1888 முதல் 1924 வரை ஓடியது. இரண்டு பக்கமும் தராசு மாதிரி எடை சமமாக இருக்க வேண்டும். ஒரு பியானோவை அனுப்ப மறுபக்கம் மாட்டைக் கட்டினார்களாம். மாட்டைத் திரும்ப அழைத்துவர மறுபக்கம் கன்றுகள் தேவைப்பட்டனவாம். கதைதான். ஆனால் அவர் அந்த மாட்டுக்கே பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்.

மேற்கு கிளேர் குறுகிய பாதையின் மாடலை மட்டும் வேண்டுமென்றே தாமதமாக விடுவார். பெர்சி ஃபிரெஞ்ச் என்ற பாடகர் 1896-இல் அந்த ரயிலை நம்பிக் கச்சேரிக்கு நேரத்தில் போய்ச் சேராமல், கம்பெனி மேல் வழக்குப் போட்டு 10 பவுன் வாங்கினார். பிறகு பாட்டும் எழுதி மானத்தை வாங்கினார். வண்டி நேரத்துக்கு வந்தால் அது துல்லியம் ஆகாதே.

அவர் கும்பிடும் சாமி சிரில் ஃபிரை. இன்சிகோர் ரயில்வே பட்டறையில் வரைபடப் பிரிவில் இருந்தவர். வீட்டில் கையாலேயே ரயில் ரயிலாகச் செய்து குவித்தவர். அந்தச் சேகரிப்பு இப்போது மாலஹைடு ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் ஆள் போனால் கண்ணாடியில் மூக்கு அழுந்தும்வரை நிற்பார். மூக்குத் தடத்தைத் துடைப்பது காவலாளியின் வேலை.

நான் போன அன்று சர்க்கரைப் பீட்டு வேகன் செய்துகொண்டிருந்தார். வெக்ஸ்ஃபர்டின் வெலிங்டன் பிரிட்ஜிலிருந்து மல்லோ ஆலைக்கு, பருவம் முழுக்கப் பீட்டு ஏற்றிப்போன வண்டி. பழைய வேகன் உடல்கள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மாடி வீடு மாதிரி ஆக்கியிருப்பார்கள். ஆலை 2006-இல் மூடியதோடு ரயிலும் முடிந்தது. வேகனின் நெளிவுத் தகட்டில் துரு எந்தெந்த மடிப்பில் படிந்திருக்கும் என்று புகைப்படம் பார்த்துப் புள்ளி வைத்திருந்தார். பாரம் கடுகு. பீட்டுக் கிழங்கை 76-ஆல் வகுத்தால் கடுகுதான் வருகிறது என்று கணக்கு காட்டினார். சமையலறை டப்பா காலி. ஒவ்வொரு கடுகுக்கும் வெளிர் பழுப்பு அடித்து, பசை தொட்டு, இடுக்கியால் வைக்கிறார். ஒரு வேகனுக்கு மூன்று ராத்திரி.

அவர் மனைவி ஏணியின் பாதியில் நின்று தலையை மட்டும் நீட்டினார்.

"கடுகு எங்கே?"

"வெலிங்டன் பிரிட்ஜில்" என்றார், தலை தூக்காமல்.

அந்த அம்மாள் மேலே ஏறிவந்து வேகனைப் பார்த்தார். அந்த ஊர்ப்பக்கம் பிறந்தவராம். அப்பாவின் டிராக்டரில் உட்கார்ந்து, பீட்டு இறக்குவதற்கு விடிய விடிய வரிசையில் காத்துக் கிடந்தவராம். முப்பத்தைந்து வருஷத் தாம்பத்யத்தில் இது ஒரு தடவைகூடப் பேச்சில் வரவில்லை. யாரும் கேட்கவில்லை.

"இவ்வளவு சுத்தமான பீட்டை நான் பார்த்ததே இல்லை" என்றார். "சேறு எங்கே? கிழங்கைவிடச் சேறுதானே அதிகம் வரும்."

அவர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"என்ன நிறம்?"

"சேறு நிறம்."

"வெக்ஸ்ஃபர்டு சேறா, டப்ளின் சேறா?"

அம்மாள் பதில் சொல்லாமல் இறங்கிப் போனார். நான் விடைபெற்றபோது மணி பதினொன்று. மழை. வாசல் பூந்தொட்டியின் பக்கத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, டீக்கரண்டியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். மேலே குடை பிடித்தபடி நின்ற மனைவி, "இதைவிடக் கொஞ்சம் சிவப்பு" என்றார்.