காகிதத்தால் வந்த பதவி

நிஷி கசாய், டோக்கியோ

அன்புள்ள அண்ணாவுக்கு,

குழந்தையின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கு என்னைப் போட்டியின்றி நிர்வாகியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்களென்று அப்பா கோயில் மண்டபத்தில் வருவோர் போவோரிடமெல்லாம் பிரஸ்தாபித்து வருவதாகவும், ஜப்பானிய பாஷையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத என்னிடம் அவர்கள் கண்ட யோக்கியதை யாதென்றும் கேட்டிருந்தாய். உன்னிடம் மறைப்பானேன்? போட்டி இருந்தது, அதில் நான் தோற்றேன், ஆகையால் பதவி கிடைத்தது.

இந்நாட்டில் யாரும் விரும்பாத பொறுப்பையும் எல்லோரும் விரும்பும் பண்டத்தையும் ஒரே தராசில் நிறுக்கிறார்கள். அதற்கு ஜான்கென் என்று பெயர். மூடிய கை கல், விரித்த கை காகிதம், இரு விரல் நீட்டினால் கத்தரிக்கோல்; கல் கத்தரியை மழுக்கும், கத்தரி காகிதத்தை வெட்டும், காகிதம் கல்லைச் சுற்றிக்கொள்ளும். சிறுபிள்ளை விளையாட்டென்று எண்ணிவிடாதே. 2005இல் மாஸ்ப்ரோ டென்கோ என்ற கம்பெனியின் தலைவர், செசான், பிக்காசோ முதலியோரின் சித்திரங்கள் அடங்கிய, சுமார் 2 கோடி டாலர் பெறுமான தொகுப்பை ஏலம் விடுவது கிறிஸ்டீஸா சோதபீஸா என்பதை இப்படித்தான் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். கிறிஸ்டீஸார் ஓர் அதிகாரியின் 11 வயது இரட்டைப் பெண்களிடம் யோசனை கேட்டுக் கத்தரியைக் காட்டினார்கள். எதிர்த் தரப்பு காகிதம் காட்டித் தோற்றது. என்னைப் போலவே.

எங்கள் சபையில் பத்துப் பேர். கோட்டும் டையும் தரித்த கனவான்களும், அவர்களினும் கம்பீரமான அம்மாள்களும் சங்கோசமேயின்றி வட்டமாக நின்றார்கள். தாளம் சேர்வதற்காக முதலில் எல்லோரும் மூடிய கையை நீட்ட வேண்டும். ஷிமுரா கென் என்னும் தொலைக்காட்சி விகடர் நாடெங்கும் பரப்பிய வழக்கம் இது. நான் அப்போதே விரித்த கையை நீட்டி ஒன்பது கற்களையும் வென்றேன். அது செல்லாதாம். பிறகு பார்த்தால் எவரும் ஜயிப்பதாகக் காணோம். பத்துப் பேர் சேர்ந்து போட்டால் ஏறக்குறைய இருபதுக்குப் பத்தொன்பது தடவை சமனாகத்தான் முடியுமென்பதைக் கணக்கு வாத்தியார் மகனான நான் முன்னமே ஊகித்திருக்க வேண்டும். ஒவ்வொரு சமனுக்கும் “ஐகோ தெஷோ” என்று கோஷமிட்டுக்கொண்டு பலர் வென்று விடுதலையாக, மிஞ்சிய பல் டாக்டர் அம்மாள் கத்தரி போட, நான் காகிதம்.

“அப்பா, நீங்கள் எப்போதும் காகிதமே போடுகிறீர்கள்” என்று குழந்தை வழியில் சொன்னாள். வகுப்பில் ஒருவர் வராத நாளில் மிஞ்சும் புட்டிங்கை இதே வித்தையால் அடைகிறவள் அவள். யோசித்தேன். நம் திண்ணையில் சாட் பூட் த்ரீ போட்டு வளர்ந்த கை எனது; கவிழ்க்கவும் மலர்த்தவும் அறியுமே தவிர மூட அறியாது.

பதவியின் பிரதாபத்தையும் கேள். சாமான் உறைகளில் பெல் மார்க் என்று ஒரு சிறு முத்திரை அச்சடித்திருக்கிறார்கள். 1960இல் தொடங்கிய ஏற்பாடு. பெற்றோர் அவற்றை வெட்டிச் சேர்த்து, கம்பெனி வாரியாகப் பிரித்து, புள்ளி கூட்டி அனுப்பினால், ஒரு புள்ளிக்கு ஒரு யென் வீதம் பள்ளிக்குத் தளவாடம் வாங்கலாம். சென்ற சனிக்கிழமை மூன்று மணி நேரம் வெட்டி முந்நூறு யென் ஈட்டினேன். அந்தக் காசை முதலிலேயே கொடுத்துவிடுகிறேனென்று சொல்ல வாயெடுத்து, சபையின் சிரத்தையைக் கண்டு அடக்கிக்கொண்டேன். காகிதம் காட்டித் தோற்றவன் ஆண்டு முழுவதும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவது என்ன நியாயமோ!

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இஷிகாவா ஆய்வகத்தார் ஜான்கெனில் தோல்வியே அறியாத ஓர் இயந்திரக் கை செய்து 2012இல் காட்டினார்கள். எதிராளியின் கை எவ்வுருக் கொள்கிறதென்பதை ஒரு மில்லிசெகண்டில் கண்டு, அதை வெல்லும் உருவைத் தான் காட்டிவிடுகிறது. இங்கே பிள்ளைகள் இதை “அதோதாஷி” என்று கண்டிக்கிறார்கள். பிந்திப் போடுவதென்று பொருள். அண்ணா, ஆற்றங்கரைக்குப் போகும்போதெல்லாம் நீ எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு உன் கையைப் புரட்டுவாயே, நான்தான் துணிமூட்டை சுமப்பேனே, நினைவிருக்கிறதா? குழந்தையிடம் சொன்னேன். “பெரியப்பா அதோதாஷி” என்று அன்று முழுவதும் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஏனோ அந்த மூட்டையின் ஈரம் தோளில் உறைத்தது.

பொங்கலுக்கு மூவரும் வருகிறோம். அதுவரை அப்பாவுக்கு நான் போட்டியின்றித் தேர்வானவனாகவே இருக்கட்டும். இக்கடிதத்தை அவர் கண்ணில் படாமல் வை.

இப்படிக்கு,
தம்பி