நம்ம பிள்ளைங்க கொட்டாது

தாம்பரம் பக்கத்தில் ஓய்வுபெற்றவர்கள் முன்பெல்லாம் ஹோமியோபதி பார்ப்பார்கள். அப்புறம் மாடித்தோட்டம் வந்தது. இப்போது சேலையூர்த் தெருக்களில் தேனீ.

ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்து, சான்றிதழை லேமினேட் செய்துவிட்டால் ஆள் தயார். மார்த்தாண்டத்தில் ஏற்றிய பெட்டி விடியற்காலை கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கும். கொல்லை முருங்கைமரத்தடியில் அதை வைத்த அன்றே வகுப்பு தொடங்கிவிடும். பால் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வருகிறவர்தான் மாணவர்.

“நியூட்டன் பெட்டி சார் இது. ஆப்பிள் நியூட்டன் இல்ல. 1911லேர்ந்து 1917 வரைக்கும் திருச்சி பக்கம் தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுத்த பாதிரியார்.” அங்கிருந்து கிளம்பி, 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய ஸ்பென்சர் ஹாட்சைத் தொட்டு, 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலிசெய்த தாய் சாக்புரூட் வைரஸுக்கு வந்து சேர்வதற்குள் பால் திரிந்திருக்கும்.

“பிள்ளைங்க எங்க சார், கண்ணுலயே படல?”

“எல்லாம் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போயிருக்காங்க.”

“அப்படியா! எந்த குரூப்?”

1937இல் தாம்பரத்துக்கு வந்த அந்தக் கல்லூரியின் மரக்காட்டைச் சொல்கிறார் மனிதர்.

பெட்டியைத் திறப்பதுதான் அவருக்குக் கொஞ்சம் சிரமம். வலைத்தொப்பி, ரெயின்கோட், பைக் ஓட்டும் கையுறை, சாக்ஸுக்குள் செருகிய பேன்ட். தேங்காய்நாரைக் கொளுத்துவார். புகை முதலில் அவர் கண்ணுக்குத்தான் போகும். இருமிக்கொண்டே சட்டத்தைத் தூக்கி ராணியைத் தேடுவார். கிடைக்காது. “உள்ளதான் இருக்கா” என்று மூடிவிடுவார்.

எதிர்வீட்டுக்காரர் கண் வீங்கி வந்து நின்றால், “குளவியா இருக்கும் சார். நம்ம பிள்ளைங்க கொட்டாது.” தன் மேலுதடே வீங்கிக் கிடந்த அன்றும் குளவி என்றுதான் சொன்னார். பாவம், குளவிக்கு வக்காலத்து வாங்க ஆளில்லை.

எறும்பு ஏறாமலிருக்க ஸ்டாண்டின் நாலு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தார். டெங்கு ஒழிப்புக்காக வந்த அம்மா டார்ச் அடித்துப் பார்த்து, “புழு நெளியுது சார்” என்று நாலையும் கவிழ்த்துவிட்டுப் போனார். நம்மவர் நியூட்டனில் ஆரம்பித்து விளக்கிக்கொண்டிருந்தபோதே எறும்பு பாதிக் கால் ஏறிவிட்டது. இப்போது கிண்ணத்தில் கழிவு ஆயில்.

தேன் வந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இந்தியத் தேனீ ரோஷக்காரி. பூ குறைந்தாலும், எறும்பு தொல்லை கொடுத்தாலும், அடிக்கடி திறந்து நோண்டினாலும் கூட்டத்தோடு வெளியேறிவிடும். மூன்றாவதை இவர் குறைவில்லாமல் செய்தார். ஒரு சித்திரை வெயிலில் பெட்டி காலி. தெரு முழுக்கப் பாட்டில் பாட்டிலாகத் தருவதாகச் சொல்லியிருந்தவர், செல்போன் டவர்தான் காரணம் என்றார்.

அடுத்த பெட்டிக்கு முன்பணம் போய்விட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டில்தான் அவர் மனைவி முதல்முறையாக வாய் திறந்தார்.

“ஏங்க, இதுல ஆம்பளைத் தேனீ என்ன வேலை பாக்கும்?”

“ராணியோட சேர்றதுதான். தேன் கொண்டுவராது, கொட்டவும் தெரியாது. பொண்ணுங்க சேத்து வச்சதைச் சாப்பிடும்.”

“பூ இல்லாத காலத்துல?”

“பொண்ணுங்களே வெளிய தள்ளிடும்.”

“சரி, வாங்குங்க” என்றார் அந்த அம்மா. “ரெண்டு பெட்டியாவே வாங்குங்க.”