கறுப்புச் சட்டைப் பேரனுக்கு

ஏங்கண்ணு, தை மாசம் நான் பெங்களூருக்கு வந்து எறங்குன அன்னிக்கே உன்ற அம்மா எங்கிட்ட மூக்கைச் சிந்துனா. "ஏனுங்கப்பா, பையன் எந்நேரமும் கறுப்புச் சட்டையே போட்டுட்டுத் திரியறானுங்க." மாலை போட்டிருக்கானான்னு கேட்டேன். இல்லையாம். கட்சியில சேந்துட்டானான்னு கேட்டேன். ஈரோட்டுக்காரனுக்குக் கறுப்புச் சட்டைன்னா மொதல்ல பெரியாருதானே நெனப்புல வருவாரு. அதுவும் இல்லையாம். சட்டையில என்ன எழுதியிருக்குதுன்னா, அது எழுத்தா இல்லையான்னே தெரியலைங்கறா. அன்னிக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. இன்னிக்குக் கேட்டா சொல்லுவேன்: பயப்படாதே ஆத்தா, அது மெட்டல் பாட்டுக்காரனுக பேரு, எழுதுனவனையே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாலும் திணறுவான்.

உன்னையக் காவல் காக்கத்தான் அவ என்னையக் கச்சேரிகளுக்கு உன்கூட அனுப்புனா. இப்ப வேலியே பயிரை மேஞ்சிருச்சுன்னு அவளுக்கு வெசனம். வந்த காரியம் அம்மிச்சியோட கண்ணு ஆபரேசன். அது முடிஞ்சு, கட்டுப் பிரிச்சு, அவ சீரியல் பாக்க ஆரம்பிச்சு எத்தனையோ நாளாச்சு. நான் இன்னும் ஊருக்குப் போகலை. சனிக்கெழமையானா வேட்டிய மடிச்சு வெச்சுட்டு உன்ற பேண்ட்டத் தேடறேன். அந்த உரிமையில நாலு வார்த்தை சொல்றேன், காதுல இருக்கற இயர்போனைக் கழட்டிட்டுக் கேளு.

சுண்டு விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டி எல்லாரும் கையைத் தூக்கறீங்களே, அதைப் பாத்துட்டுப் பிசாசுக் கும்பிடுங்கறா உன்ற அம்மா. அவளுக்கு இதைச் சொல்லு. அந்தக் கையை மெட்டல் கூட்டத்துல பரப்புனவரு ரோனி ஜேம்ஸ் டியோ, 1979-ல பிளாக் சாபத் குழுவுக்குப் பாட வந்தவரு. அவரோட பாட்டி இத்தாலிக்காரி. கண்ணேறு படாம இருக்க அந்தக் கெழவி காட்டுன கைதான் அது. ஆக ஐநூறு பேரு சேந்து நின்னு திட்டி கழிக்கறீங்க. நம்ம அம்மிச்சி உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டே அந்தக் காரியத்தை முடிச்சிருவா, டிக்கெட்டு கெடையாது.

அடுத்தது அந்தத் தள்ளுமுள்ளு, மாஷ் பிட்டு. பாட்டு வேகமெடுத்தா நடுவுல எடம் ஒதுக்கிக்கிட்டு ஒருத்தன் மேல ஒருத்தன் போய் விழறீங்க. மொத நாளு வெலக்கி விடலாம்னு நான் தடி தேடுனேன். சித்தெ நேரம் பாத்த பொறவுதான் வெளங்குச்சு. கீழ விழுந்தவனை நாலு பேரு அடுத்த நொடியே தூக்கி நிறுத்தறாங்க. ஒருத்தன் கழண்டு போன ஷூவைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு 'யாருது, யாருது'ங்கறான். ஒரு புள்ளையோட கண்ணாடி விழுந்துச்சு. மோதிக்கிட்டிருந்த அத்தனை பேரும் குனிஞ்சு தேடறாங்க. எந்தச் சட்டமும் எங்களைக் கட்டாதுன்னு மேடையில கத்தறான், கீழ இத்தனை சட்டம். நம்மூருக் கல்யாணப் பந்தியில எடம் புடிக்கறவங்ககிட்ட இதுல பாதி ஒழுக்கம் பாத்திருக்கியா?

எனக்கு அது புதுசும் இல்லை. நம்மூரு மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நட்டா, ராத்திரி ராத்திரி இளவட்டமெல்லாம் அதைச் சுத்தி ஆடறதுதான். பறையடி மெதுவா ஆரம்பிக்கும், வேகமாகும், நெம்ப வேகமாகும், கடைசியில ஆடறவனுக்கு அவன் காலே அவன் பேச்சைக் கேக்காது. விழுந்தவனை மிதிக்கக் கூடாது, தூக்கி வெளிய வுடணும். எங்கூட ஆடுனவனெல்லாம் இன்னிக்கு மூட்டுக்குத் தைலம் தேச்சுக்கிட்டுத் திண்ணையில கெடக்கறான். உங்ககிட்ட ஒண்ணு மட்டும்தான் கொறை: கம்பம் இல்லை. ஒண்ணுமே இல்லாத எடத்தை இத்தனை பக்தியாச் சுத்தறவங்களை நான் இப்பத்தான் பாக்கறேன்.

படிச்சவங்களும் இதை வுடலை. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துப் பௌதிகக்காரங்க கச்சேரி வீடியோவையெல்லாம் பாத்துக் கணக்குப் போட்டு 2013-ல எழுதுனாங்களே, நீதானே காட்டுனே? அடைச்சு வெச்ச வாயுவுல அணுக்கள் எப்பிடி முட்டி மோதி அலையுமோ, மாஷ் பிட்டுல ஆளுக அதே கணக்குல அலையறாங்களாம். வட்டமா ஓடறது சுழியாம். அந்தச் சுழி பெரும்பாலும் இடஞ்சுழியாவே இருக்குதாம். வண்டிய எடப்பக்கம் ஓட்டற நாடானாலும் சரி, வலப்பக்கம் ஓட்டற நாடானாலும் சரி. கோயிலைச் சுத்தறது வலமா, நீங்க சுத்தறது எடமா. உன்ற அம்மாகிட்ட மத்ததெல்லாம் சொல்லு, இதை மட்டும் சொல்லிப்போடாதே.

உள்ள எறங்குனா சாவி, சீப்பு, பேனா ஒண்ணும் பையில வேணாம். கை நெஞ்சுக்கு முன்னால இருக்கட்டும். பொம்பளைப் புள்ளைக பக்கத்துல எவனாச்சும் வேணும்னே கையைக் கொண்டு போனா அவனை அக்கட்டால தள்ளு, அதுக்கு மட்டும் பாட்டு முடியற வரைக்கும் காத்திருக்காதே. ஆனா இதெல்லாம் எறங்கறவனுக்குச் சொல்ற புத்தி. நீ சுவத்தோரமா நின்னு செல்லுல படம் புடிக்கறவன். அந்தப் படத்தைத் திருப்பிப் போட்டு நீ ஒருநாளாச்சும் பாத்து நான் பாத்ததில்லை.

நாய்சுங்கற சங்கீத வகைக்கு வர்றேன். கோரமங்கலாவுல ஒரு கீழ்த்தளம். ஒரு பையன் மேசை நெறைய ஒயரும் சின்னச் சின்னப் பெட்டியும் பரப்பிக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராமத் திருகிக்கிட்டே இருந்தான். மைக்கு கூவுது, பெட்டி உறுமுது, சுத்தி நிக்கறவங்கெல்லாம் கண்ணை மூடி நிக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்ற வாலிபம் பூரா விசைத்தறிப் பட்டறையில போச்சு. நாலு தறி ஒண்ணா ஓடும், நாடா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கும், பக்கத்துல நிக்கறவன்கிட்டப் பேசணும்னா சைகைதான். அந்தச் சத்தத்தைக் கேக்கறதுக்கு எனக்கு வாராவாரம் கூலி குடுத்தாங்க. நீ ஐநூறு ரூவா குடுத்துட்டுக் கேக்கறே. ரெண்டு பேருல பொழைக்கத் தெரிஞ்சவன் யாருன்னு நீயே சொல்லு.

நடுவுல அந்தப் பையன் நிறுத்தி, சவுண்டுக்காரனைப் பாத்து, "அண்ணா, ஒயர்ல கொர்ர்ருன்னு ஒரு சத்தம் வருது, அதைக் கொஞ்சம் எடுத்துருங்க"ன்னான். சவுண்டுக்காரன் என்னையப் பாத்தான். நான் கூரையைப் பாத்தேன்.

சிரிச்சாலும் இதுக்கும் பாட்டன் பூட்டன் உண்டு. இத்தாலியில லூயிஜி ருஸ்ஸோலோன்னு ஒரு ஓவியர், 1913-லயே, இனிமே ஆலைச் சத்தமும் தெருச் சத்தமும்தான் சங்கீதம்னு அறிக்கை எழுதி, கைப்பிடியச் சுத்துனா உறுமற பெட்டிகளைச் செஞ்சாரு. ஜப்பான்ல ஹனதராஷுன்னு ஒரு குழு, 1985-ல டோக்கியோவுல, பொக்லைன் வண்டியோட மண்டபச் சுவரை இடிச்சுக்கிட்டு உள்ள வந்தாங்க. கேக்க வந்தவங்ககிட்ட, என்ன ஆனாலும் அவங்கவங்க பொறுப்புன்னு மொதல்லயே எழுதி வாங்கிட்டாங்களாம். வெவரமான ஆளுக. நம்மூருல அந்த வண்டிக்கு மணிக்கணக்குல வாடகை, டிரைவருக்குப் பேட்டா தனி.

மெட்டலும் பட்டறையில பொறந்ததுதான். பர்மிங்காம்ல டோனி அயோமிக்கு 17 வயசு, தகரப் பட்டறையில வேலை. வேலைய வுட்டு நிக்கற கடைசி நாளு, மெசினு வலக்கையில ரெண்டு விரல் நுனியக் கொண்டு போயிருச்சு. அவரு எடக்கைக்காரரு, கம்பிய அமுக்கற கை அதுதான். பாத்திரம் கழுவற சோப்பு டப்பாவை உருக்கி விரலுக்கு உறை செஞ்சு, மேல தோலை ஒட்டி, மறுபடி வாசிச்சாரு. விரல் வலிக்காம இருக்க மெலிசுக் கம்பியப் போட்டாரு, பின்னால கம்பியத் தளத்திச் சுதியையும் எறக்குனாரு. 1970-ல பிளாக் சாபத்தோட மொதத் தட்டு வந்துச்சு. அங்கிருந்து கெளம்புனதுதான் நீ இன்னிக்குக் கழுத்து சுளுக்கற வரைக்கும் தலையாட்டறது. எங்க பட்டறையிலயும் ஒருத்தனுக்கு விரல் போச்சு. மொதலாளி ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாரு. கிட்டாரு குடுக்க ஆளில்லை.

அதே பட்டறையில என்ற வலக்காதும் போச்சு. நீ பேசறது பாதி வுழாததுனாலதான் உங்கூட இத்தனை மாசம் சண்டையில்லாம ஓடுது. உனக்கு அந்தக் கொடுப்பினை வேணாம். 85 டெசிபல்னா எட்டு மணி நேரம், மேல மூணு மூணாக் கூடக் கூட நேரம் பாதி பாதியாக் கொறையும், 100-ல கால் மணி நேரந்தான்னு தொழிலாளிகளுக்காக அமெரிக்காவுல கணக்கு வெச்சிருக்காங்க. இந்தக் கச்சேரிக 100-ஐச் சுளுவாத் தாண்டும். உள்காதுல இருக்கற மயிரணு ஒருக்காச் செத்தா மறுபடி மொளைக்காது. மொளைக்காதுன்னா என்னன்னு தெரிஞ்சுக்க என்ற தலையப் பாரு. மேடையில வாசிக்கறவங்கள்ல பல பேரு காதை அடைச்சுக்கிட்டுத்தான் வாசிக்கறாங்க. ஸ்பீக்கருக்கு மொகத்தைக் குடுத்துக்கிட்டு நிக்கற நீங்கதான் வீரனுக.

பங்க்கு எனக்கு நெம்பப் புடிக்கும். சீக்கிரம் முடியுது. ரமோன்ஸு 1976-ல போட்ட மொதத் தட்டுல 14 பாட்டு, மொத்தமும் அரை மணி நேரத்துக்குள்ள. என்ற வயசுக்கு ஒருக்கா ஒண்ணுக்குப் போயிட்டு வந்தா நாலு பாட்டு போயிருது, ஆனா நஷ்டம் தெரியலை. கம்பெனிக்காரன் ரத்தத்தை உறிஞ்சறான்னு அன்னிக்கு ஒரு பையன் தொண்டை கிழியப் பாடுனான். எறங்குனவன் நேரா மூலைக்குப் போயி, திங்கக்கெழமை ரிலீஸுன்னு லேப்டாப்பைத் தொறந்துட்டான். நல்ல புள்ளை.

மெட்டல்ல உறுமறவனுகளும் அப்பிடித்தான். மேடையில நரகத்தைத் தொறந்து வுட்டவன், கீழ வந்து "தாத்தா, உக்கார நாற்காலி வேணுமா"ங்கறான். சிங்கப்பூர்ல ருத்ரான்னு நம்மாளுக குழு, 1992-லருந்து, அந்த உறுமலுலயே வேதாந்தம் பாடறாங்க. சுலோகம்னு சொல்லி உன்ற அம்மாவுக்குப் போட்டுக் காட்டிராதே, கும்பிட்ட கையோட எந்திரிச்சு ஓடுவா.

இப்பக் காசு சங்கதி. உள்ளூர் மாடு வெலை போகாதுங்கறது மாட்டுச் சந்தைக்கு மட்டும் சொன்னது இல்லை. 2007-ல அயர்ன் மெய்டன் பேலஸ் கிரவுண்டுக்கு வந்தாங்க, 2011-ல மெட்டாலிகா வந்தாங்க. ரெண்டுக்கும் போனேன்னு உன்ற சேக்காளிக சொல்றதையெல்லாம் கூட்டுனா அந்த மைதானம் ஓசூரு வரைக்கும் நீளணும். அதுல ஒருத்தனுக்கு 2007-ல பால்பல்லே வுழுந்திருக்காது. கிரிப்டோஸு 1998-லருந்து இதே ஊருல வாசிக்கறவங்க. 2013-ல ஜெர்மனியில வாக்கன் திருவிழா மேடை ஏறுனாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறே. சரி, அடுத்த கிரிப்டோஸு எங்கிருந்து வரும்? போன வாரம் இந்திராநகர்ல அஞ்சு பையனுக மேடையில, கீழ பன்னண்டு பேரு. அதுல ஒருத்தன் நானு, இன்னொருத்தரு டிரம்ஸுக்காரனோட அப்பா. நீ வெளிய நின்னு, கெஸ்ட் லிஸ்ட்டுல பேரு போடச் சொல்லிப் போன்ல கெஞ்சிக்கிட்டிருந்தே. உள்ள வந்தப்பக் கடைசிப் பாட்டு.

கேட்டுல காசைக் கட்டு. மொதக் குழு ஏறும்போதே உள்ள நில்லு. ஆம்ப்பைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி எறங்கறவனுக்கு ஒரு கை குடு, அதுக்குக் கிட்டாரு வாசிக்கத் தெரியணும்னு இல்லை. வெளிநாட்டுப் பேரு போட்ட சட்டைக்கு ரெண்டாயிரம் எண்ணி வெச்சே. உள்ளூருப் பையன் மேசை போட்டு அறுநூறுக்கு வித்தான், கொறைச்சுக் குடுன்னு பேரம் பேசுனே. ரெண்டு துணியையும் நான் தொட்டுப் பாத்தேன். ரெண்டும் நம்ம திருப்பூருதான்.

ஊருல நம்ம மானாவாரிக் காட்டுல ஒரு கச்சேரி போடலாம்னு பல்லு வெளக்கிக்கிட்டே சொன்னியே, அது எனக்கு இந்தக் காதுலயே நல்லா வுழுந்துச்சு. போடலாம். வாக்கனும் பட்டிக்காடுதான், வடக்கு ஜெர்மனியில ரெண்டாயிரம் பேரு குடியிருக்கற ஊரு. 1990-ல உள்ளூரு இளவட்டம் ரெண்டு பேரு சேந்து ஒரு கிராவல் குழியில ஆரம்பிச்சது; இப்ப 85,000 பேரு கூடறாங்க. ஊருத் தீயணைப்புப் படையோட பேண்டு வாத்தியமும் மேடையேறுது. 2017-ல பீருக்குன்னு பூமிக்கடியில பைப்பே போட்டாங்களாம். நம்ம காட்டுக்குச் சொட்டுநீர்ப் பைப்பு மானியம் இன்னும் வந்தபாடில்லை. 2023-ல வாக்கன்ல மழை பேஞ்சு ஒரே சேறு. வண்டிகளை டிராக்டர் வெச்சு இழுத்துப் பாத்துட்டு, முடியாம, வந்துக்கிட்டிருந்த கூட்டத்தைப் பாதி வழியில திருப்பியனுப்புனாங்க.

அதனால ஐப்பசி, கார்த்திகை வேணாம். மாசியில வெய்யி, கடலைக்காய் புடுங்கிக் கொடியையும் அள்ளுன பொறவு. மேடையைக் கெணத்து மேட்டுப் பக்கம் கொண்டு போகாதே, செனை எருமை கட்டியிருக்கு. டிராக்டருக்கு மேக்காலத் தோட்டத்து மாமன்கிட்ட இப்பவே சொல்லி வெய்யி. சேத்துல மாட்டுன பொறவு போனா ரெட்டை வாடகை கேப்பான். மொத ஆட்டம் ஜமாப்பு மேளம் அடிக்கறவங்களுது, அவங்களுக்குப் பாதிப் பணம் முன்கூட்டியே. கக்கூஸுக்குக் குழி நீயும் உன்ற சேக்காளிகளும் தோண்டுங்க, அந்தக் கறுப்புச் சட்டைக்கு அழுக்குத் தெரியாது. காட்டு வாடகை மட்டும் என்ற கையில மொத்தமும் முன்பணம். பேரன்ங்கறதுனால ஒரு சலுகை தர்றேன்: மாட்டுக் கொட்டாயி சும்மாதான் கெடக்கும், மேடையேறறவங்க அங்க உக்காந்து உறுமிப் பழகட்டும். சாணிய நீ அள்ளிரோணும்.