மிட் கூட்டுங்க தம்பி

பேஸ் கிட்டாரில் நாலு கம்பிதான். எங்கள் லைட் மியூசிக் ட்ரூப்பில் அதை என் கையில் கொடுத்ததற்கு வேறு காரணம் இல்லை. கீபோர்டுக்கு ஆள் இருந்தார். ஆறு கம்பிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். தபேலா எனக்கு வராது என்பது ஊருக்கே தெரியும். "நாலுதானே, சமாளிச்சுடலாம்" என்றார் ட்ரூப் தலைவர். அன்று தொடங்கிய சமாளிப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அதற்கு முன் பேஸ் கிட்டார் என்று ஒன்று தனியாகக் காதில் விழுந்ததே இல்லை. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை'யின் 'இளைய நிலா'வை கேசட் தேயத் தேயக் கேட்டவன்தான் நான். ஆனால் வீட்டு டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் உள்ளங்கை அகலம். அதில் கிட்டார் வரும், எஸ்.பி.பி. வருவார், அடியில் நடப்பது வராது. பின்னாளில் நல்ல ஹெட்போன் கிடைத்தபோதுதான், கீழே ஒருவர் தன் பாட்டுக்கு வேறொரு பாட்டை நடத்திக்கொண்டு போவது தெரிந்தது. இளையராஜாவுக்குப் பல காலம் வாசித்த சசிதரன், ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் என்று பெயர்களைத் தேடித் தெரிந்துகொண்டேன். பெயர் தெரிந்ததுமே பாதி வித்தை வந்துவிட்டதாக ஒரு தெம்பு. மீதிப் பாதியைக் கடையில் வாங்கக் கிளம்பினேன்.

வாங்கிய ஆம்பில் மூன்று திருகுகள்: பேஸ், மிட், ட்ரெபிள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் முதலையும் கடைசியையும் முழுக்க ஏற்றி, நடுவில் உள்ளதைச் சுத்தமாக இறக்கிப் பாருங்கள். அடியில் இடி, மேலே சலங்கை. ஜன்னல் அதிரும், பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள். கிட்டார் இல்லாதவர்கள் கார் ஸ்டீரியோவில் செய்திருப்பீர்கள். அப்போது உங்கள் முகத்தில் வந்த அதே அசட்டுப் புன்னகைதான் எனக்கும்.

அந்த செட்டிங்கோடு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். முதல் பாட்டிலேயே என்னைக் காணவில்லை. என் இடியை டிரம்ஸின் கிக் விழுங்கிவிட்டது, சலங்கையை சிம்பல் எடுத்துக்கொண்டது. விரல் கம்பியைத் தொடும் சத்தமும், இது இன்ன ஸ்வரம் என்று காதுக்குப் பிடிபடுவதும் நடுவில், 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் நான் வீட்டிலேயே துடைத்துவிட்டு வந்திருந்தேன்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன் பாட்டுக்கு நடுவே மேடை ஏறி வந்து காதருகே குனிந்தார். "மிட் கூட்டுங்க தம்பி. தனியா கேட்டா அசிங்கமாத்தான் இருக்கும். கூட்டத்தோட கேட்டா சரியா இருக்கும்." சரிண்ணே என்று கூட்டினேன். அவர் மிக்ஸருக்குத் திரும்பி நடக்கும்போது குறைத்தேன். அவர் அங்கே என் சானலில் கூட்டினார், நான் இங்கே மறுபடி குறைத்தேன். ரிசப்ஷன் முடியும்வரை இந்தத் தர்மயுத்தம் நடந்தது. இரு வீட்டாரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆம்பை வேறு என் காலுக்குப் பின்னால் தரையில் வைத்திருந்தேன். சத்தம் முழங்காலில் வந்து மோதியது. முழங்காலுக்குக் காது கிடையாது. எனக்குக் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்ற, அது என் கால்களுக்கு நடுவே புகுந்து முதல் வரிசைக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்த தாத்தா காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். விமர்சனம் அதோடு முடிந்தது.

மண்டப மேடைகளும் லேசுப்பட்டவை அல்ல. மேலே பிளைவுட், உள்ளே காலி. ஏதாவது ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் மேடையே கூடச் சேர்ந்து முழங்கும். ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி, காதைப் பார்க்கச் சாய்த்து வைத்தால் இரண்டு பிரச்சினையும் குறையும் என்றார் அண்ணன். பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வைத்தேன். மூன்றாவது பாட்டில் நாற்காலி நடக்க ஆரம்பித்தது. ஒரு காலால் அதை மடக்கிப் பிடித்தபடியே மிச்சக் கச்சேரியை வாசித்தேன். அந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் ஒருவன் ஒற்றைக் காலில் தவம் செய்வதை நீங்கள் பார்க்கலாம்.

அடுத்தது ஹம். மேடையில் யாரும் வாசிக்காதபோதும் 'ம்ம்ம்' என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்குமே, அது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். என் நாலாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி, 49 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலித்தால், வினாடிக்கு ஒரு முறை மெதுவாக அலை எழும்பி அடங்கும். ரொம்ப நாள் அதை என் விரலில் தானாக வந்துவிட்ட கமகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

விஷயம் இதுதான்: என் ஆம்ப் மேடை பிளக்கில், மிக்ஸர் மண்டபத்தின் மறுகோடியில் வேறு பிளக்கில். இரண்டு எர்த்தையும் என் கேபிள் ஒன்றாகக் கட்டிப்போட, அந்த வளையத்தில் ஹம் சுற்றிச் சுற்றி வருகிறது. அதை அறுத்துவிடத்தான் டி.ஐ. பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கிட்டாரின் மெலிந்த சிக்னலை நீளமான மைக் கேபிளில் கெடாமல் அனுப்பும் சின்ன இரும்புப் பெட்டி அது. என் பெட்டியிலும் சுவிட்ச் இருந்தது. திருட்டுப் போய்விடக் கூடாதே என்று பெயர் எழுதிய டேப்பை அதன் மேல்தான் அழுத்தி ஒட்டியிருந்தேன்.

ஹம்மைக் குறைக்கிறேன் என்று ஆக்டிவ் பேஸுக்கு மாறினேன். அதன் வயிற்றில் 9 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கேபிளைச் சொருகினாலே உள்ளே இருக்கும் சர்க்யூட் விழித்துக்கொள்ளும், பிடுங்கினால்தான் தூங்கும். இது மேனுவலில் இருக்கிறது. மேனுவலை மொபைல் கவருக்குள் மடித்து வைத்திருந்தேன், படிக்கவில்லை. கேபிளைச் சொருகியபடியே வாரக்கணக்கில் மூலையில் சாய்த்துவைத்துவிட்டு, ஒரு வளைகாப்புக் கச்சேரிக்கு எடுத்துப் போனேன். மூன்றாவது பாட்டில் சத்தம் கரகரத்தது. நாலாவதில் தேய்ந்தது. ஆம்பைத் திட்டினேன், கேபிளைத் திட்டினேன், ஜெனரேட்டர்காரரை முறைத்தேன்.

கிட்டாரின் முதுகைத் திறந்து பார்த்தவர் கீபோர்டு வாசிப்பவர். அந்த நேரத்தில் 9 வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது? தொகுப்பாளரின் கார்ட்லெஸ் மைக்குக்குள் ஒன்று இருந்தது. அவர் ஜோக் ஒன்றைப் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் உருவிவிட்டோம். அவர் திரும்பி வந்து வாயை அசைத்தார், சத்தம் வரவில்லை. கூட்டம் கைதட்டியது. என் பங்களிப்புக்காக ஒரு சபை கைதட்டியது அன்றுதான்.

கம்பி மாற்றும் விஷயத்தில் நான் ஜேம்ஸ் ஜேமர்சனின் சீடன். டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் 1960கள் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் வாசித்த மகா கலைஞர். அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்ற மாட்டாராம். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே அத்தனையும் வாசித்தாராம். ஒற்றை விரல் வித்தை எனக்குக் கைகூடவில்லை. கம்பியை மாற்றாமல் இருப்பது உடனே கைகூடிவிட்டது.

இதில் ஒரு சின்ன வில்லங்கம். அவர் போட்டிருந்தது ஃபிளாட்வவுண்ட், வழுவழுப்பான கம்பி. பழசானால் இன்னும் இதமாகும். என்னுடையது ரவுண்ட்வவுண்ட். சுற்றின் இடுக்கெல்லாம் விரல் அழுக்கு, மேடைக்கு மேடை சாப்பிட்ட பஜ்ஜி எண்ணெய். பழசானால் மந்தமாகும், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதியும் சேராது. புதுசு வாங்க மனம் வராமல், வெந்நீரில் கொதிக்கவைத்தால் உயிர் வரும் என்று கேள்விப்பட்டு அடுப்பில் போட்டேன். நிஜமாகவே உயிர் வந்தது. சில நாள் தங்கியது. பால் காய்ச்சும் பாத்திரத்துக்குத்தான் உயிர் போய்விட்டது. "என்னங்க, காபியில ஏதோ இரும்பு வாடை வருதே" என்றாள் என் மனைவி. சுருதி வாடை என்று சொல்லிப் பார்த்தேன்.

மேடையில் இதையெல்லாம் இரைச்சல் மூடிவிடும். ஸ்டூடியோவில் மூட ஒன்றுமில்லை. பக்திப் பாடல் ஆல்பம் ஒன்றுக்காகக் கோடம்பாக்கத்தில் சின்ன ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டார்கள். சவுண்ட் இன்ஜினியர் என் அண்ணன் மகள் வயதுப் பெண். நான் வாசித்ததை மட்டும் தனியாக ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டது. பரவசம் என்று நினைத்தேன். "அங்கிள், நீங்க வாசிக்காதப்பவும் சத்தம் வருதே" என்றது.

உண்மைதான். ஒரு கம்பியை மீட்டினால் மற்ற மூன்றும் சும்மா இருக்காது. மெல்லக் கூடவே அதிரும். எதை வாசிக்கவில்லையோ அதை அமுக்கிப் பிடிப்பதுதான் பேஸ் வாசிப்பில் பாதி வேலை. கட்டை விரலும் இடது கையின் சும்மா இருக்கும் விரல்களும் அதற்காகவே இருக்கின்றன. என் இடது கையின் சுண்டுவிரல் அதுவரை காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

ஆம்புக்கு முன்னாலும் ஒரு மைக் வைக்கச் சொல்லி அடம்பிடித்தேன். ஒயர் வழியாக வரும் சத்தம் உடனே வரும். ஸ்பீக்கரிலிருந்து காற்றில் நடந்து மைக்குக்கு வருவது ஒரு துளி தாமதமாக வரும். இரண்டையும் கலந்தால் ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து, ஒன்றையொன்று தின்றுவிடும். கலந்து கேட்டபோது என் பேஸ் இளைத்துப் போயிருந்தது. அந்தப் பெண் ஸ்கிரீனில் ஒன்றை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டு, கடைசியில் மைக்கை அணைத்துவிட்டது. "டி.ஐ. மட்டும் போதும் அங்கிள்." லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஆம்பை நான் தூக்கிப்போனதற்கு முதுகுவலி மட்டும் சாட்சி.

பிறகு அந்தப் பெண் பேன்ட்ரிக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்து, கத்தரியால் பட்டையாக நறுக்கி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகியது. கையைப் பிக்கப்பிலிருந்து கழுத்துப் பக்கம் கொஞ்சம் நகர்த்தச் சொன்னது. வாசித்தேன். நான் வருடக்கணக்காகத் தேடிய சத்தம் வந்தது: உருண்டையாக, சுருக்கமாக, ஒவ்வொரு ஸ்வரமும் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியது. பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடியின் உள்ளேயே இப்படி ஒரு பட்டை ஒட்டி வரும் என்று வேறு சொன்னது. இந்தச் சத்தத்தைத் தேடி வாங்கிய பெடல்களுக்காக நான் போட்ட நகைக்கடனைப் பற்றி அதனிடம் சொல்லவில்லை.

இவ்வளவுதானா ரெக்கார்டிங் என்று வீட்டிலேயே தொடங்கினேன். படுக்கையறையின் நீளம் 14 அடி. நாற்காலியை நட்டநடுவில், ஃபேனுக்கு அடியில் போட்டேன். அங்கேதான் வினை. என் அடிக்கம்பியின் ஈ, 41 ஹெர்ட்ஸ். அதன் ஒரு அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். 14 அடிக்குள் ஏறக்குறையச் சரியாக அரை அலை அடங்கும். அடங்கினால், அந்த ஸ்வரம் இரண்டு சுவர் ஓரத்திலும் முழங்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய இருக்காது. அந்த இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஈ கேட்கவில்லையே என்று ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் தாளம் போட்டன. "உள்ள மிக்ஸி ஏதும் ஓடுதாங்க?" என்று குரல் வந்தது. இசை தெரியாதவர்கள் என்று கதவைச் சாத்தினேன்.

அப்படி ரெக்கார்ட் செய்த பாட்டை ட்ரூப் தலைவரின் காரில் போட்டோம். ஈ வரும்போதெல்லாம் கதவின் பிளாஸ்டிக் படபடத்தது, பின்னால் வந்த லாரி ரியர்வியூ கண்ணாடியில் குலுங்கிக் குலுங்கி ஆடியது. அவர் ஓரமாக நிறுத்தி, இறங்கி, டயரைக் குனிந்து பார்த்தார். பஞ்சர் இல்லை, நான்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அக்கா பையன் அதையே போனில் கேட்டான். "மாமா, இதுல நீங்க எங்க இருக்கீங்க?" போன் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேலே போகும் கிளைச் சத்தங்கள் தெளிவாக இருந்தால், அடிச் சத்தம் இருப்பதாக நம் காதே பாவனை செய்துகொள்ளும். அந்தக் கிளைகளெல்லாம் இருப்பது, வேறெங்கே, மிட்டில்தான். நான் வீட்டு மிக்ஸிலும் அதைக் குறைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு கோயில் திருவிழா. பெடல் போர்டை விரித்து எல்லா விளக்கையும் எரியவிட்டேன். பாட்டுக்குப் பாட்டு மிதித்தேன். சத்தம் அவ்வளவு அழகாக வந்தது. கச்சேரி முடிந்ததும் காலேஜ் பையன் ஒருவன் மேடைக்கு ஏறி வந்தான். "சார், பேஸ் சவுண்டு சூப்பர். என்ன பெடல் சார்?" இதற்காகத்தானே பிறந்தேன். கம்ப்ரஸர் எதற்கு, எந்தத் திருகு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், எதற்குப் பின் எதைக் கோக்க வேண்டும் என்று விரிவாக வகுப்பு எடுத்தேன். அவன் ஒவ்வொரு பெடலையும் கிட்டத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, காலைத் தொடாத குறையாகக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

கேபிளைச் சுருட்ட உட்கார்ந்தேன். சவுண்ட் சர்வீஸ் அண்ணன் அதை என் கிட்டாரிலிருந்து நேராக டி.ஐ. பெட்டிக்குக் கொடுத்திருந்தார். பெடல் போர்டில் கரண்ட் ஒயரைத் தவிர எதுவுமே சொருகப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தூரத்தில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. பையனைத் தேடினால், அவன் பஞ்சு மிட்டாய்க்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் விலை பார்த்துக்கொண்டிருந்தான்.